டேனியல் மொரெலோன்: ஸ்பிரின்ட்ல ஜெயிச்சவர், ஜெயிக்க வச்சவர், ஆனா கைமாத்த முடியாத ஒரு மெடல்

2012 லண்டன் ஒலிம்பிக்ஸ், ஆகஸ்ட் 2 சாயங்காலம். ட்ராக் சைக்கிள்ல பெண்கள் டீம் ஸ்பிரின்ட் ஃபைனல். சீனாவோட கோங் ஜின்ஜியும் குவோ ஷுவாங்கும் ஜெர்மனிக்கு முன்னாடி கோட்டைத் தாண்டிட்டாங்க, கையைத் தூக்கிட்டாங்க, ஒரு ரவுண்டு சுத்திக் கொண்டாடவும் ஆரம்பிச்சாச்சு. கொஞ்ச நேரத்துல போர்டுல ஜெர்மனி பேரு மேல வருது. முதல் ஆள் ரெண்டாவது ஆளுக்கு வழிவிட்ட இடம் தப்புன்னு தீர்ப்பு, தங்கம் போயி வெள்ளி. ட்ராக் நடுவுல சீன அணியோட நின்னு இதைப் பார்த்துக்கிட்டு இருந்தவர்ல ஒருத்தர் 68 வயசு ஃபிரெஞ்சுக்காரர். தீர்ப்பு சரியில்லன்னு வெளிப்படையாவே பேசுனார். டிவியில அவரைக் காட்டுனப்ப கோபப்படுற ஒரு வயசான கோச்னுதான் நிறைய பேருக்குத் தோணிருக்கும். அந்த ஹால்ல இருந்த எந்த ஸ்பிரின்டருக்கும் அவர் யாருன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. டேனியல் மொரெலோன்.

ஒலிம்பிக் ஸ்பிரின்ட் தங்கத்தை ரெண்டு தடவை ஜெயிச்ச முதல் ஆள் அவர்தான், 1968 மெக்சிகோ, 1972 மியூனிக். அது போக 1966ல இருந்து 1975க்குள்ள அமெச்சூர் ஸ்பிரின்ட்ல ஏழு உலகப் பட்டம். மெக்சிகோவுல பியேர் ட்ரென்டினோட சேர்ந்து டேண்டம் தங்கமும் உண்டு, அதாவது ரெண்டு பேர் ஒரே சைக்கிள்ல முன்ன பின்ன உக்காந்து மிதிக்கிறது, இப்ப ஒலிம்பிக்ஸ்லயே கிடையாது. 1964 டோக்கியோவுல வெண்கலம், 1976 மான்ட்ரியல்ல வெள்ளி. நாலு ஒலிம்பிக்ஸ், நாலுலயும் ஸ்பிரின்ட் மெடல். இதெல்லாம் முடிச்சுட்டுதான் கோச்.

இவர் கதை புரியணும்னா ஸ்பிரின்ட்னா என்னன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா பேரைக் கேட்டா வேகமா ஓட்டுறதுன்னு தோணும், ஆனா பாதி நேரம் அது மெதுவா ஓட்டுறது. ரெண்டு பேர் மட்டும் மோதுவாங்க, முக்கியமான ரவுண்டுகள்ல மூணு ஓட்டத்துல ரெண்டு ஜெயிச்சவன் அடுத்ததுக்குப் போவான். சைக்கிள்ல ப்ரேக் கிடையாது, பெடலும் சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு பூட்டி இருக்கும், சக்கரம் சுத்துனா கால் சுத்தியே ஆகணும். கடைசி 200 மீட்டரைத்தான் டைம் எடுப்பாங்க, நிஜமான வேகம் எல்லாம் அங்கதான். அதுக்கு முன்னாடி நடக்குறது முழுக்க நீயா நானா பேரம். முன்னாடி போறவன் காத்தைக் கிழிச்சுக்கிட்டுப் போகணும், பின்னாடி வர்றவன் அவன் மறைவுல சொகுசா வந்து கடைசில பக்கவாட்டுல தாண்டிடலாம். அதனால யாருமே முன்னாடி போக விரும்பமாட்டாங்க. முன்னாடி இருக்கிறவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னாடி பார்ப்பான், ட்ராக்கோட சரிவுல மேல ஏறுவான், கிட்டத்தட்ட நிப்பான், சில சமயம் நிஜமாவே நிப்பான்.

நிக்கிறதுக்கு ஃபிரெஞ்சுல சுர்ப்ளாஸ்னு பேரு. காலைத் தரையில வைக்காம, பெடல்ல எடையை அப்படியும் இப்படியும் மாத்தி, சரிவுல முன் சக்கரத்தைக் கொஞ்சம் மேல பார்த்துத் திருப்பி வச்சுக்கிட்டு அசையாம நிக்கிறது. நான் முன்னால போகமாட்டேன், நீ போ, அப்படிங்கறதுக்கு அதுதான் பாஷை. 1964 டோக்கியோவுல செமிஃபைனல்ல இத்தாலியோட ஜியோவானி பெட்டெனெல்லாவும் ட்ரென்டினும் இப்படி நின்ன நேரம் 21 நிமிஷம் 57 விநாடி. சைக்கிள் ரேஸ்ல இருபத்திரெண்டு நிமிஷம் சைக்கிளே நகரல! இன்னைக்கு ரூல் மாறிடுச்சு, ஒரு தடவை 30 விநாடிக்கு மேல நிக்கக்கூடாது, ஒரு ஓட்டத்துல ரெண்டு தடவைக்கு மேல நிக்கக்கூடாது. அந்த செமிஃபைனல்ல ட்ரென்டின் தோத்து, வெண்கலத்துக்கான மோதலுக்கு வந்தப்ப அவரைத் தோக்கடிச்சது இருபது வயசு மொரெலோன். அதே ட்ரென்டினோடதான் நாலு வருஷம் கழிச்சு டேண்டம் தங்கம், அதே மெக்சிகோ ஸ்பிரின்ட்ல இவருக்குத் தங்கம் அவருக்கு வெண்கலம். ஒரே அணி, ஒரே சைக்கிள், ஆனா எதிராளி. எதிராளியோட மூச்சுச் சத்தத்தைக்கூடப் படிக்கிற வித்தை எங்க இருந்து வந்திருக்கும்னு யோசிச்சா எனக்கு இந்த ஜோடிதான் ஞாபகம் வரும்.

இந்த ரெண்டு பேரையும் தயார் பண்ணவர் லூயி ஜெரார்தான். அவரும் சும்மா ஆள் இல்ல, 1930ல அமெச்சூர் ஸ்பிரின்ட் உலகச் சாம்பியன். (பாடகி எடித் பியாஃப் காதலிச்ச சைக்கிள்காரர் இவர்தான். அவங்க இவருக்கு எழுதுன கடிதங்கள் பல வருஷம் கழிச்சு ஏலத்துக்கு வந்துச்சு. நம்ம விஷயத்துக்குச் சம்பந்தம் இல்ல, ஆனா சொல்லாம இருக்க முடியல.) இங்கதான் நான் சொல்ல வர்ற விஷயம் ஆரம்பிக்குது. ஃபிரெஞ்சு ஸ்பிரின்ட்ங்கறது ஒரு குருகுலம் மாதிரி. ஜெரார்தான் ஓட்டுனார், மொரெலோனுக்குச் சொல்லிக் குடுத்தார். மொரெலோன் ஓட்டுனார், அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் குடுத்தார். அதுல இருந்து வந்த ஃப்ளோரியன் ரூஸோ பின்னாடி தானே கோச் ஆகி கிரெகரி போஜேவை வளர்த்தார், பின்னாடி போஜேயும் கோச் ஆனார். கிட்டத்தட்ட நூறு வருஷம், நாலு பேர். வேற எந்த நாட்டுலயும் ஸ்பிரின்ட்ல இவ்வளவு நீளமா கை மாறி வந்த வரிசையை நான் பார்த்ததில்ல.

மொரெலோன் கோச் ஆனது இயல்பா நடந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அதைப் பெரும்பாலும் யாரும் கண்டுக்கறதில்ல. அவர் தொழில்ல போலீஸ்காரர். அந்தக் காலத்துல ஒலிம்பிக்ஸ் அமெச்சூருக்கு மட்டும்தான், உலக சாம்பியன்ஷிப்லயும் அமெச்சூர் ஸ்பிரின்ட் தனி, ப்ரோ ஸ்பிரின்ட் தனி. ஜெயிச்சதும் பணத்துக்காக ப்ரோ பக்கம் போறது சகஜம். 1972 ஃபைனல்ல மொரெலோன்கிட்ட தோத்த ஆஸ்திரேலியாவோட ஜான் நிக்கல்சன் அப்படித்தான் போயி 1975, 1976னு ரெண்டு வருஷம் ப்ரோ உலகச் சாம்பியன் ஆனார். அப்புறம் 1977ல இருந்து ஜப்பானோட கோய்ச்சி நகானோ வரிசையா பத்து வருஷம் ப்ரோ பட்டத்தை யாருக்கும் விடல. ரெண்டு பட்டமும் தனித்தனியா இருந்ததால மொரெலோன் பெரியவரா நகானோ பெரியவரா அப்படிங்கற சண்டைக்குப் பதிலே கிடையாது, ரெண்டு பேரும் அவங்கவங்க உச்சத்துல மோதவே இல்ல. என் கணக்குல மொரெலோன் தன்னோட நல்ல காலம் முழுக்க அமெச்சூராவே இருந்ததுலதான் லாபம் அதிகம். சம்பளம் போலீஸ் வேலையில, ஓட்டம் தேசிய அணியில, அந்த அமைப்பை விட்டு வெளிய போகவே இல்ல, அதனால ஓட்டம் முடிஞ்சதும் அதே அமைப்புக்குள்ள ஒரு நாற்காலி மாறி உக்காந்தா போதும். அப்பவே ப்ரோவா போயிருந்தா ஆறு நாள் ரேஸு, ஊர் ஊரா காட்சி ஓட்டம்னு போயிருக்கும்.

மான்ட்ரியல் பத்தி ஒரு வார்த்தை. 1976ல அவருக்கு 32 வயசு ஆகப் போகுது, மூணாவது தங்கத்துக்கு ஃபைனல்ல நிக்கிறார். எதிர்ல செக்கோஸ்லோவாக்கியாவோட அன்டன் ட்காச். ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு ஜெயிச்சு மூணாவது ஓட்டம் வரைக்கும் போச்சு, அதுல ட்காச். அந்தத் தோல்வியை இவ்வளவு சுருக்கமா சொல்லிட்டுப் போறேனேன்னு நினைக்காதீங்க, திரும்ப அங்க வருவேன்.

கோச் ஆனப்ப அவர் கையில இருந்த சரக்கு பாதி பழசாகிட்டே வந்துச்சு, இதுதான் அவரோட ரெண்டாவது வாழ்க்கையில இருந்த நிஜமான சிக்கல். அவர் ஓட்டுன காலத்துல ட்ராக் பெருசு, 333 மீட்டர் மெக்சிகோவுல, 285 மீட்டர் சொச்சம் மியூனிக்லயும் மான்ட்ரியல்லயும். கடைசி 200 மீட்டருக்கு 11 விநாடி, சில சமயம் அதுக்கும் மேல. அங்க வேகத்தை விட எப்ப கிளம்புறோம்ங்கறதுதான் ஜெயிக்க வைக்கும். அப்புறம் உள்ளரங்கு 250 மீட்டர் மரத்தளம் வந்துச்சு, வளைவுல 42 டிகிரி பக்கம் சாய்வு, கார்பன் சட்டம், டிஸ்க் சக்கரம், பெரிய பெரிய கியர். பெரிய கியர் போட்டா நின்னுட்டு டக்குனு கிளம்பவே முடியாது, உருட்டி உருட்டித்தான் வேகத்தை ஏத்தணும், அதனால ஆட்டமே மாறிடுச்சு. பூனை எலி விளையாட்டு குறைஞ்சு, ரெண்டு லேப் முன்னாடியே வேகத்தை ஏத்தி எதிராளியைத் திணறடிக்கிற ஸ்டைல் வந்துச்சு. பாரிஸ் 2024ல ஹாரி லாவ்ரெய்சன் தகுதிச் சுத்துல 200 மீட்டரை 9.088 விநாடியில முடிச்சார். மொரெலோன் காலத்து ஆளுக்கு அது வேற விளையாட்டோட நம்பர்.

சாம்பியனா இருந்த கோச் நிறைய பேர் இந்த இடத்துலதான் விழுவாங்க. நான் அப்படித்தான் ஜெயிச்சேன், நீயும் அப்படியே பண்ணுன்னு சொல்லுவாங்க, பையன் கேட்டுக்குவான், தோப்பான். மொரெலோன் காலத்து ஃபிரெஞ்சு அணி அப்படிப் போகலங்கறதுக்கு ரிசல்ட்தான் சாட்சி. ஏன்னா அந்த அணி அதிகமா ஜெயிச்சது அவருக்குப் பேரு வாங்கிக் குடுக்காத ரேஸ்கள்ல! டீம் ஸ்பிரின்ட், கெய்ரின் (ஒரு மோட்டார் வண்டி பின்னாடி எல்லாரும் வேகத்தை ஏத்தி, அது விலகுனதும் மோதுற ரேஸ்), பெண்களோட 500 மீட்டர். இது எதுவுமே அவர் ஓட்டுன ஒலிம்பிக்ஸ்ல இல்ல. இன்னொரு கோச் ஜெரார் கான்டினும் அந்தக் கட்டடத்துக்குப் பெரிய தூண், எல்லாத்தையும் மொரெலோன் தலையில மட்டும் ஏத்தக்கூடாது.

ஃபெலிசியா பாலான்ஷேவை எடுத்துக்கங்க. இத்தாலிய சைக்கிள் வீரர் ஃபெலிச்சே ஜிமோன்டி பேரைத்தான் அம்மா பொண்ணுக்கு வச்சாங்க. 1992 பார்சிலோனாவுல நாலாவது, மெடலுக்கு ஒரு படி கீழ. 1995ல இருந்து 1999 வரைக்கும் அஞ்சு வருஷம் வரிசையா ஸ்பிரின்ட் உலகப் பட்டம், அதே அஞ்சு வருஷமும் 500 மீட்டர் பட்டமும். 1996 அட்லான்டாவுல ஸ்பிரின்ட் தங்கம், 2000 சிட்னியில ஸ்பிரின்ட், 500 மீட்டர் ரெண்டுலயும் தங்கம், அதோட நிறுத்திக்கிட்டாங்க. ரூஸோ இன்னொரு பக்கம். ஒரு கிலோமீட்டர் தனி ஓட்டக்காரரா ஆரம்பிச்சு 1996ல அதுல ஒலிம்பிக் தங்கம், அதே வருஷத்துல இருந்து மூணு தடவை வரிசையா ஸ்பிரின்ட் உலகச் சாம்பியன், சிட்னியில கெய்ரினும் டீம் ஸ்பிரின்ட்டும். (1956 ஒலிம்பிக் ஸ்பிரின்ட் சாம்பியன் மிஷேல் ரூஸோவும் ஃபிரெஞ்சுதான், ரெண்டையும் குழப்பிக்க வேணாம்.) சிட்னியில குறுந்தூர ரேஸ் மொத்தம் ஆறு, அதுல நாலு தங்கம் பிரான்ஸுக்கு. அடுத்த வருஷம் அதே ஃபிரெஞ்சு அணியோட அர்னோ தூர்னான் பொலிவியாவோட லா பாஸ் ட்ராக்ல கிலோமீட்டரை 58.875 விநாடியில ஓட்டி, ஒரு நிமிஷத்துக்குள்ள வந்த முதல் ஆள் ஆனார், மலைமேல மெல்லிசுக் காத்து உதவி பண்ணுச்சு, அது வேற.

இப்ப அந்த மான்ட்ரியலுக்கு வரேன். ஆறுல நாலுன்னு சொன்னேன்ல, பிரான்ஸுக்கு வராத ரெண்டுல ஒண்ணு ஆண்கள் ஸ்பிரின்ட். ரூஸோ ஃபைனல் வரைக்கும் போயி அமெரிக்காவோட மார்ட்டி நோத்ஸ்டைன்கிட்ட தோத்தார். 1972ல மொரெலோன் ஜெயிச்சதுக்கு அப்புறம் ஆண்கள் ஸ்பிரின்ட் ஒலிம்பிக் தங்கத்தை எந்த ஃபிரெஞ்சுக்காரரும் ஜெயிக்கல. 1976ல மொரெலோனே வெள்ளி, 1980ல யாவே காஹார் வெள்ளி, 2000ல ரூஸோ வெள்ளி, 2012ல போஜே வெள்ளி. உலக சாம்பியன்ஷிப்ல ரூஸோ, கானே, தூர்னான், போஜேன்னு வரிசையா அள்ளுறாங்க, ஒலிம்பிக்ஸ் வந்தா நாலு வெள்ளி. தான் எந்த ரேஸோட ராஜாவோ அந்த ஒண்ணை மட்டும் ஆண்கள்ல ஒருத்தருக்குக்கூட அவரால கைமாத்திக் குடுக்க முடியல, குடுத்தது பாலான்ஷேக்கு மட்டும்தான். துரதிர்ஷ்டம்னு சொல்லிட்டுப் போகலாம். எனக்கு என்ன தோணுதுன்னா, கிலோமீட்டர், டீம் ஸ்பிரின்ட் எல்லாம் ட்ரெயினிங்ல கட்டக்கூடியது, ஜிம்ல தொடையை வளர்த்து, ஸ்டார்ட்டைப் பல நூறு தடவை பழகி, டைமைக் குறைச்சுக்கிட்டே வந்தா ஒரு நாள் வந்துடும். ரெண்டு பேர் மோதுற ஸ்பிரின்ட்ல எதிர்ல இருக்கிறவன் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை, அந்த ஒரு சாயங்காலம் என்ன பண்ணுவான்னு படிக்கணும். அதைச் சொல்லிக் குடுக்கலாம், உள்ள போயி உக்கார வைக்க முடியாது. ஸ்டார்ட்ல சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆள் கையை விட்டதுக்கு அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

அப்புறம்தான் சீனா. பிரான்ஸை விட்டுட்டு அவ்வளவு தூரம் போனது பென்ஷன் காலத்து வேலைன்னு யாராவது நினைச்சா லண்டன் அதுக்குப் பதில் சொல்லும். ஃபைனலுக்கு முந்தின ரவுண்டுகள்லயே கோங்கும் குவோவும் உலக சாதனை போட்டுட்டாங்க, தங்கம் கிட்டத்தட்ட கழுத்துல. அந்த ரேஸ்ல அப்ப ரெண்டு பேர், ரெண்டு லேப். முதல் ஆள் ஒரு லேப் முன்னாடி இழுத்துட்டு, கோட்டை ஒட்டிக் குறிச்ச தூரத்துக்குள்ள மேல விலகி ரெண்டாவது ஆளை விடணும். பின்னாடி வர்றவ கொஞ்சம் அவசரப்பட்டாலே போச்சு. அன்னைக்கு இதே மாதிரி மாறுன தப்புக்கு பிரிட்டனோட பென்டில்டனும் வார்னிஷும் முந்தின ரவுண்டுலயே வெளிய, அதனாலதான் ஜெர்மனியே ஃபைனலுக்கு வந்துச்சு. அதாவது ரெண்டு பெரிய அணி விழுந்து, மூணாவதா நின்ன ஜெர்மனியோட வோகலும் வெல்டேயும் தங்கத்தோட போனாங்க. ரூலை ரூலாத்தான் பார்க்கணும், ஆனா அத்தனை வேகத்துல சில சென்டிமீட்டர் கணக்கைக் கண்ணால தீர்மானிக்கிறப்ப கோச் கத்தத்தான் செய்வார்.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, 1968 மெக்சிகோவுல டீம் பர்சூட் (நாலு பேர் ஒரு அணியா ஓட்டுற நீண்ட தூர ரேஸ்) ஃபைனல்ல மேற்கு ஜெர்மனி முதல்ல வந்து, ஒருத்தர் தன் கூட்டாளியைக் கையால தொட்டுத் தள்ளிட்டார்னு தங்கத்தை டென்மார்க்குக்குக் குடுத்தாங்க. மொரெலோன் ரெண்டு தங்கம் வாங்குன அதே ஒலிம்பிக்ஸ். 44 வருஷம் கழிச்சு ஜெர்மனிக்கு அது வட்டியோட திரும்பி வந்துச்சு, இந்தத் தடவை அடி இவருக்கு.

அந்தத் தங்கம் சீனாவுக்கு 2016 ரியோவுல வந்துச்சு, அதே கோங், கூட சோங் தியான்ஷி, ஹெல்மெட்ல சீன நாடக முகமூடி மாதிரி வரைஞ்சுக்கிட்டு. சைக்கிள்ல சீனாவோட முதல் ஒலிம்பிக் தங்கம். அப்ப கோச் பெனுவா வேட்டு, அவரும் ஃபிரெஞ்சு ஸ்பிரின்டரா இருந்தவர்தான், அங்க இருந்து ஜப்பான் அணிக்குப் போனார். ஃபிரெஞ்சுப் பள்ளிக்கூடம் ஏற்றுமதி ஆயிடுச்சு, ஜெயிச்சது வேற கொடி.

வீட்டுல என்ன ஆச்சுன்னா, ரூஸோ கோச்சா இருந்த வருஷங்கள்ல போஜே உலகத்தையே மிரட்டுனார், ஆனா லண்டன் ஃபைனல்ல ஜேசன் கென்னிகிட்ட தோத்தார். தோத்துட்டு பிரஸ் மீட்ல உக்காந்து, நிருபர் மாதிரி கென்னிகிட்டயே திருப்பிக் கேள்வி கேட்டார், நீங்க எப்படித் தயாராகுறீங்கன்னு. சிரிப்பா இருந்தாலும் நியாயமான கேள்வி, ஏன்னா உலக சாம்பியன்ஷிப்ல சாதாரணமா இருக்கிற பிரிட்டன் ஆளுங்க ஒலிம்பிக்ஸ் வந்ததும் திடீர்னு வேற லெவல்ல ஓட்டுனாங்க. ஓட்டத்தை விட்டப்புறம் போஜே தேசிய ஸ்பிரின்ட் கோச் ஆனார். 2022ல பாரிஸ் பக்கத்துல சாந்த்-கான்தான் ட்ராக்ல மத்தில்ட் கிரோ ஸ்பிரின்ட் உலகச் சாம்பியன் ஆனாங்க, வரிசை தொடருதுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. அதே ட்ராக்ல ரெண்டு வருஷம் கழிச்சு ஒலிம்பிக்ஸ், சொந்த ஊர்க்கூட்டம், ஃபிரெஞ்சு ஸ்பிரின்ட் அணிக்கு ஒரு மெடல்கூட வரல.

அந்த பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஆண்கள் டீம் ஸ்பிரின்ட்ல தங்கம் நெதர்லாந்துக்கு, 40.949 விநாடி, உலக சாதனை. அவங்க கோச் மெஹ்தி கோர்டி, சாம்பியன் பட்டம் எதுவும் இல்லாம உடலியல் ஆராய்ச்சி பக்கத்துல இருந்து வந்தவர். வெள்ளி பிரிட்டனுக்கு, கோச் ஜேசன் கென்னி, ஏழு ஒலிம்பிக் தங்கம். வெண்கலத்துக்கான ஓட்டத்துல ஆஸ்திரேலியாகிட்ட தோத்து நாலாவது வந்த அணியோட கோச், லண்டன்ல கென்னிகிட்ட அந்தக் கேள்வியைக் கேட்ட போஜே.